அகந்தையை அடக்க ஒரு குறிப்பேடு: தணிக்கையாளர் ஒருவரின் மதிப்புரை

முதலில் குறிப்பேட்டின் உடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உயிருக்குப் பிறகு வரலாம். கெட்டி அட்டை. நூலால் தைத்த கட்டு என்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் படிந்து கிடக்கிறது. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை. மைப் பேனாவால் எழுதினாலும் மறுபக்கம் கசியாத தாள். அடையாளத்துக்கு ஒரு நாடா. ஒரு நாளுக்கு இரண்டு பக்கங்கள்: இடப்பக்கம் காலைக்கு, வலப்பக்கம் இரவுக்கு. வாரக் கடைசியில் கூடுதலாக இரண்டு பயிற்சிகள். அட்டையில் பொன்னிற எழுத்தில் ‘அகந்தையை வென்றவர்’ என்று பொறித்து, அதன் கீழே நம் பெயரை எழுதிக்கொள்ள ஒரு கோடும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை நான் நிரப்பவில்லை. வேலை தொடங்கும் முன்பே அறிக்கையில் கையெழுத்துக் கேட்பவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்தாயிற்று.

நான் கணக்குத் தணிக்கையாளர். பிழை தேடுவதுதான் பிழைப்பு, அதுவும் பிறர் எழுதிய ஏட்டில். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தால் ஒருவருக்குள் என்ன வளரும் என்று வெளியில் விசாரிக்க வேண்டியதில்லை, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டாலே போதும். பண்டைய கிரேக்கத்தில் தோன்றி உரோமில் பரவிய ஸ்டோயிக் தத்துவத்தின் பெயரால் இப்போது குறிப்பேடுகள் பல வருகின்றன. பெரும்பாலானவை உறுதி, ஒழுக்கம், அதிகாலை விழிப்பு என்று போகின்றன. இது ஒன்றுதான் செருக்கைக் குறைப்பதை மட்டுமே நோக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அதனால் வாங்கினேன். தயாரித்தவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது.

நல்லதில் தொடங்குகிறேன். இரவுப் பக்கத்தின் தலையில் மூன்றே கேள்விகள். இன்று உன் எந்தக் கெட்ட குணத்துக்கு மருந்து போட்டாய்? எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் நேற்றைவிட மேலானாய்? குறிப்பேடு இவற்றை உரோமை ஸ்டோயிக் தத்துவஞானி செனெகாவின் கேள்விகள் என்கிறது. செனெகாவே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தமக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த செக்ஸ்தியுஸ் என்பவர் நாள் முடிந்து படுக்கப் போகும்போது தம் மனத்திடம் கேட்டவை இவை என்று, கோபத்தைப் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். அகந்தையைக் குறைக்க வந்த குறிப்பேட்டில் ஒருவருடைய பெருமை இன்னொருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அது உறுத்தியது. மற்றவர்களுக்கு உறுத்தாமல் போகலாம்.

அதே இடத்தில் செனெகா தம் வழக்கத்தையும் சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்றுவிட்ட பிறகு, அவருடைய பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திவிட்ட பிறகு, அன்றைய நாள் முழுவதையும் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்; செய்ததையும் சொன்னதையும் அளந்து பார்க்கிறார்; எதையும் தம்மிடமிருந்து மறைப்பதில்லை. உரோமைப் பேரரசர் நீரோவின் ஆசிரியராக இருந்தவர், பெரும் செல்வர், கி.பி. 65இல் அதே நீரோவின் ஆணையால் உயிரை விட்டவர். அப்படிப்பட்டவர் இரவில் எதைப் பற்றி யோசிப்பார் என்று நினைக்கிறோம்? அவர் கொடுக்கும் மாதிரிப் பதிவுகளைப் பாருங்கள். அந்த வாதத்தில் நீ சண்டைக்காரனைப் போலப் பேசினாய். அந்த மனிதரைக் கண்டித்தபோது அளவுக்கு மேல் வெளிப்படையாகப் பேசினாய். அவர் திருந்தவில்லை, புண்பட்டார். இனி, சொல்வது உண்மையா என்று மட்டும் பார்க்காதே, கேட்பவரால் அந்த உண்மையைத் தாங்க முடியுமா என்றும் பார். விருந்தில் குறைவான இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று, விருந்தளித்தவர் மீதும், உனக்கு மேலே உட்கார்ந்தவர் மீதும் கோபப்பட்டாயே, எந்த இடத்தில் சாய்ந்தால் என்ன? செல்வர் வீட்டு வாயிற்காவலன் நண்பரை உள்ளே விடவில்லை என்பதற்காக, நண்பரோடு சேர்ந்து நீயும் பொங்கினாயே.

எல்லாம் சில்லறை. நாற்காலி வரிசை, வாயிற்காவலன், ஒரு சொல் கூடிப்போனது. அவ்வளவு பெரிய செல்வத்தைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு பதிவும் இல்லை என்பதைத் தணிக்கைக் கண் கவனிக்காமல் இல்லை. அது வேறு வழக்கு. ஆனால் செருக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். பெரிய தொகைகளை எல்லோரும் சரிபார்ப்பார்கள் என்று கள்ளக் கணக்கு எழுதுபவருக்குத் தெரியும். அதனால் சில்லறைச் செலவுப் பட்டியலில்தான் கை வைப்பார்.

குறிப்பேடு இந்த இடத்தில் வழுக்குகிறது. கேள்விகளுக்குக் கீழே ‘இன்று நான் கடந்த பெரிய சோதனை’ என்று அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. ‘யாரிடம் என்ன பேசினேன்’ என்பதற்கு இரண்டு வரிகள். என்னைக் கேட்டால் இந்த அளவைத் தலைகீழாக மாற்றியிருப்பேன். பெரிய சோதனைக்கான அரைப் பக்கத்தை எதிரில் வைத்தால், ஒன்றுமே நடக்காத நாளிலும் ஏதாவது வீரச்செயல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இனி உண்மையான சிக்கல். தணிக்கையின் முதல் விதி, தான் எழுதிய கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது. ஸ்டோயிக்குகள் செய்யச் சொல்வதோ அதைத்தான். அவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்ல. செனெகா தம்மையே வேவு பார்க்கும் ஒற்றனாக இருக்கிறார். இன்னொரு ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸ் இன்னும் ஒரு படி போகிறார்: முன்னேறிக்கொண்டிருக்கும் மனிதன், பதுங்கியிருக்கும் எதிரியைக் கண்காணிப்பதைப் போலத் தன்னைக் கண்காணிக்கிறான் என்கிறார். சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நாள் முடிவில், களைப்போடு, பேனாவைப் பிடித்திருப்பதும் அந்த எதிரிதான். ‘இன்று கூட்டத்தில் பொறுமையாக நடந்துகொண்டேன்’ என்று அவன் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பான். அதைச் சரிபார்க்க எந்த வழியையும் குறிப்பேடு தரவில்லை.

என் தொழிலிலிருந்து ஒன்றை எடுத்து இதில் புகுத்தினேன். வாங்குபவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். வவுச்சர், அதாவது ஆதாரச் சீட்டு, இல்லாமல் பதிவு இல்லை. இங்கே, முதலில் வாயிலிருந்து வந்த சொற்களை வந்தபடியே எழுத வேண்டும். பொறுமையாக, நியாயமாக, அன்பாக என்ற அடைமொழிகள் கூடாது. ‘“இதை நான் போன மாதமே சொன்னேன்” என்றேன்.’ அவ்வளவுதான் பதிவு. எழுதிவிட்டுப் பார்த்தால், அந்த வாக்கியம் கூட்டத்துக்கு எதையும் தரவில்லை, என் தீர்க்கதரிசனத்தை எல்லோருக்கும் நினைவூட்ட மட்டுமே வந்தது என்பது பட்டப்பகலாகத் தெரிகிறது. ‘“சரி, உங்கள் விருப்பம்” என்றேன்.’ காதில் விழும்போது இதைவிடப் பணிவான பேச்சு இல்லை. தாளில் பார்த்தால் கதவை அறைந்து மூடிய சத்தம் கேட்கிறது.

இன்னொன்றும் இப்படி எழுதும்போது பிடிபட்டது. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பது வழக்கம். தணிக்கைக்குப் போனால் நாங்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். இரவுக் குறிப்பிலும் அப்படி ஒரு கணக்கு தானாகவே உருவாகிவிடுகிறது: ‘சூழ்நிலை அப்படி’, ‘தலைவலி’, ‘அவருக்கும் அன்று மனம் சரியில்லை’. இந்தச் சொற்கள் வரும் பக்கங்களை மட்டும் மாதக் கடைசியில் திரும்பப் படித்தால் போதும், மற்றவற்றைப் புரட்டவே தேவையில்லை.

காலைப் பக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது (செனெகா மன்னிக்கட்டும்). உரோமைப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்க்கஸ் அவ்ரேலியஸின் குறிப்புகளில் இரண்டாம் பகுதி ஒரு காலைப் பயிற்சியோடு தொடங்குகிறது. விடிந்ததும் உனக்கு நீயே சொல்லிக்கொள்: இன்று தேவையில்லாமல் தலையிடுபவனை, நன்றி கெட்டவனை, ஆணவக்காரனை, வஞ்சகனை, பொறாமைக்காரனை, யாரோடும் ஒட்டாதவனைச் சந்திப்பேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் காலைப் பக்கத்தில் இந்த வரிதான் அச்சாகியிருக்கிறது. கீழே, ‘இன்று நான் சந்திக்கக்கூடிய கடினமான மனிதர்கள்’ என்று பெயர்ப் பட்டியல் எழுத இடம்.

பாதியை வெட்டிவிட்டார்கள். மார்க்கஸ் அங்கே நிறுத்தவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று தெரியாததால் அவர்கள் இப்படி ஆனார்கள் என்கிறார். தவறு செய்பவனும் என் உறவினன். இரத்தத்தால் அல்ல, அதே அறிவில் பங்கு பெற்றிருப்பதால். அவனால் எனக்குத் தீங்கு செய்ய முடியாது, எனக்கும் அவன் மீது கோபம் கொள்ளவோ அவனை வெறுக்கவோ இயலாது. கால்களைப் போல, கைகளைப் போல, இமைகளைப் போல, மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் போல, நாம் சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள். இந்தப் பின்பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் நாள்தோறும் காலையில் படித்தால் என்ன ஆகும்? ஊரெல்லாம் மூடர்கள், நான் ஒருவர்தான் தெளிந்தவர் என்ற நினைப்போடு வாசலைத் தாண்டுவோம். ஆணவத்துக்கு இதைவிட நல்ல உரம் கிடைக்காது. செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரவுப் பக்கத்தை மட்டும் காட்டும் ஏட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்போது காலைப் பக்கத்தில் அந்தப் பெயர்ப் பட்டியலின் தலைப்பை அடித்துவிட்டு, ‘இவர்களில் யாருக்கு நான் கடினமான மனிதர்?’ என்று மாற்றி எழுதிக்கொள்கிறேன். பட்டியல் நீளமாகவே வருகிறது.

அடுத்தது மதிப்பெண். ஒவ்வோர் இரவும் பணிவுக்கு ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் போட ஒரு கட்டம், வாரக் கடைசியில் அவற்றை இணைத்து வரைபடம். தொடர்ந்து ஏழு நாள் எழுதினால் ஒட்டிக்கொள்ளப் பதக்கச் சீட்டு ஒன்று. இதை யோசித்தவர்கள் தங்கள் குறிப்பேட்டின் முன்னுரையைப் படித்திருக்க மாட்டார்கள். எட்டு என்று எழுதியதும் உள்ளே ஒரு சின்னத் தோரணம் கட்டப்படுகிறது. அந்தத் தோரணத்துக்காகத்தானே மறுநாளும் பேனாவை எடுக்கிறோம்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தினமும் இரண்டு, மூன்று என்றே போட்டுத் தம்மைத் தாமே அறைந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொத்தை உயர்த்திக் காட்டினால் மட்டுமல்ல, குறைத்துக் காட்டினாலும் அது பொய்க் கணக்குதான். ஸ்டோயிக்குகள் யாரையும் தரையில் புரளச் சொல்லவில்லை. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். ஆனாலும் தம் மாணவர்களுக்குத் தங்களைத் துச்சமாக நினைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, உள்ளே தெய்வத்தின் ஒரு கூறு இருக்கிறது என்றே சொன்னார். மார்க்கஸுக்கோ வேறொரு வியப்பு: ஒவ்வொருவரும் பிறரைவிடத் தம்மையே அதிகம் நேசிக்கிறோம், ஆனால் தம்மைப் பற்றித் தாம் நினைப்பதைவிடப் பிறர் நினைப்பதைப் பெரிதாக மதிக்கிறோமே, இது எப்படி? அவர்கள் கேட்பது சரியான மதிப்பீடு. எண்ணால் அது வராது. கட்டத்தின் மேல் நான் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன்.

வாரக் கடைசிப் பயிற்சிகள் இரண்டும் நன்று. முதலாவது ‘பிரித்துப் பார்’. பேரரசரின் ஊதா அங்கியைப் பார்த்து மார்க்கஸ் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது: இது சிப்பியின் இரத்தத்தில் தோய்த்த ஆட்டு மயிர். அதே நோட்டில் வேறோர் இடத்தில், சீசராக மாறிவிடாதே, அந்தச் சாயம் உன் மீது ஏறிவிடாமல் பார்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறார். 161 முதல் 180 வரை உரோமைப் பேரரசை ஆண்டவர் இதை எழுத வேண்டியிருந்தது. இந்தப் பயிற்சியில் நம் பதவியை ஒரு வரியில் எழுதி, கீழே அதன் பகட்டை உரித்து மறுபடி எழுத வேண்டும். என் முகவரிச் சீட்டில் இரண்டு வரிக்கு நீளும் பட்டம், ‘பிறர் எழுதிய தாள்களைப் படித்து, கடைசித் தாளில் கையெழுத்துப் போடுபவர்’ என்று சுருங்கியது. படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது, வருத்தம் வரவில்லை. பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவதுதான் இந்தக் குறிப்பேட்டை வாங்குவதற்கான காரணம். ‘இந்தப் பக்கத்தை நீங்கள் எழுதக் கூடாது’ என்று மேலே அச்சிட்டிருக்கிறது. நம்மை நன்கு அறிந்த ஒருவர் நம்மைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். தணிக்கையில் நாங்கள், நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்களுக்கு நேரடியாகக் கடிதம் அனுப்பி, ‘உங்கள் ஏட்டில் எவ்வளவு நிலுவை இருக்கிறது?’ என்று உறுதிக் கடிதம் வாங்குவோமே, அதேதான். சுயபரிசோதனையின் அந்தப் பெரிய ஓட்டையை அடைப்பது இந்த ஒரு பக்கம். இதற்கு ஸ்டோயிக் மரபிலும் இடம் உண்டு. தம் குணத்துக்குத் திருத்தமும் மருத்துவமும் தேவை என்று உணர வைத்தவர் தம் ஆசிரியர் ருஸ்டிகஸ் என்று மார்க்கஸ் நன்றியோடு எழுதுகிறார். எபிக்டெட்டஸின் பாடக் குறிப்புகளை அவருக்குக் கொடுத்தவரும் இந்த ருஸ்டிகஸ்தான். அவர் மீது பலமுறை கோபப்பட்டதையும், ஆனால் பின்னால் வருந்தும்படி எதையும் செய்துவிடாததையும் மார்க்கஸ் ஒளிக்கவில்லை. நம்மைத் திருத்துபவர் மீது கோபம் வராமல் இருக்காது. பேரரசருக்கே வந்திருக்கிறது.

யாரிடம் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கீழே பயிற்சியில் இருப்பவரிடம் நீட்டினால், ‘மேடம் மிகவும் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர்’ என்று எழுதித் தருவார்; அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. என் தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஐந்து வரியெல்லாம் எழுதவில்லை. ‘அக்கா, நீ கேள்வி கேட்கிறாய். பதில் சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கிறாய். உன்னிடம் பேசி முடித்தால் தேர்வு எழுதி முடித்தது போல இருக்கிறது.’ ஓரத்தில் விளக்கம் எழுதக் கை துடித்தது. ஓரமே இல்லாமல் கோடு போட்டிருக்கிறார்கள். தெரிந்தே செய்திருந்தால் வடிவமைத்தவருக்கு என் வணக்கம். யாராவது உன்னைப் பற்றிக் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டால் மறுத்து வாதாடாதே, ‘என் மற்றக் குறைகள் அவருக்குத் தெரியாது போலும், தெரிந்திருந்தால் இதோடு நிறுத்தியிருக்க மாட்டார்’ என்று சொல் என்பது எபிக்டெட்டஸின் அறிவுரை. தங்கைக்கு மற்றவையும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பதிலைச் சாமர்த்தியமாகச் சபையில் சொல்லிப் பாராட்டு வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். கருவி எதுவானாலும் செருக்கு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது: மன்னிப்பு. இரவுப் பக்கத்தின் அடியில் ‘நாளை எனக்கு நானே விதிக்கும் தண்டனை’ என்று ஒரு கட்டம். இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, செனெகாவிடமிருந்து வரவில்லை. அவர் தம் பிழைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணமே வேறு: ‘இனி இதைச் செய்யாதே, இப்போதைக்கு உன்னை மன்னிக்கிறேன்’ என்று தமக்குத் தாமே சொல்ல முடிவதால்தான் எதையும் மறைக்காமல் பார்க்க அவரால் முடிகிறது. தண்டனை உறுதி என்று தெரிந்தால் எந்தக் காசாளரும் பேரேட்டைத் திறந்து காட்ட மாட்டார். இந்தப் பரிசோதனைக்குப் பிறகு வரும் தூக்கம் எவ்வளவு அமைதியானது, ஆழமானது என்றும் செனெகா எழுதுகிறார். தண்டனைக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் படுத்தால் அந்தத் தூக்கம் வராது. ஏற்கெனவே தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளும் இயல்புள்ளவர்களுக்கு இந்தக் கட்டம் தீங்கானது. அவர்களுக்கு இந்தக் குறிப்பேட்டைப் பரிசளிக்காதீர்கள்.

கடைசித் தாளில், நிரப்பிய பக்கங்களைப் படம் எடுத்துப் பகிர்ந்து, ‘நான் ஒரு ஸ்டோயிக்’ என்ற சின்னத்தைப் பெறுவதற்கான அழைப்பு இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேலையே இல்லை, எபிக்டெட்டஸ் சொல்லிவிட்டார்: எங்கேயும் உன்னைத் தத்துவஞானி என்று சொல்லிக்கொள்ளாதே, ஆடுகள் எவ்வளவு தின்றோம் என்று மேய்ப்பனுக்குக் காட்டப் புல்லைக் கொண்டுவந்து போடுவதில்லை, உள்ளே செரித்து வெளியே கம்பளியும் பாலும் தருகின்றன. அந்தத் தாளைக் கிழித்தேன். சுத்தமாக வந்தது.

செக்ஸ்தியுஸின் பெயர், மார்க்கஸின் விடுபட்ட பின்பாதி, தண்டனைக் கட்டம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, அடுத்த பதிப்பில் திருத்துமாறு தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. என் மேலான கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் அளித்தால் அடுத்த குறிப்பேட்டுக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள். அதன் பெயர் ‘அகந்தையை வென்றவர்: இரண்டாம் நிலை’. மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். தள்ளுபடி தேவைப்படாது; முதல் நிலையிலேயே பாதிக்கு மேல் தாள் மீதம் இருக்கிறது.